வாட்ச் ‘ஓகே’ சொன்னால் இதயம் ஓகேவா?

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் ஒரு முறையாவது இருக்கும். இரவு வரை ஒழுங்காக ஓடிய ஹார்ட் டிஸ்க், காலையில் ஆன் செய்தால் எழுந்திருக்காது. இத்தனைக்கும் ஹார்ட் டிஸ்க்குகளில் ‘ஸ்மார்ட்’ என்ற கண்காணிப்பு வசதி உண்டு. டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைத்து, நிலைமை மோசமானால் நம்மை எச்சரிக்க வேண்டும். 2007ல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றில்கூட அறிகுறி காட்டாமலே பழுதாகியிருந்தன.

‘எச்சரிக்கை வரவில்லை’ என்பது வேறு, ‘நன்றாக இருக்கிறது’ என்பது வேறு. டிஸ்க் விஷயத்தில் இதை நான் எப்போதோ கற்றுக்கொண்டேன். அப்பா விஷயத்தில் மறந்துவிட்டேன்.

எனக்கு பெங்களூரில் வேலை. அப்பாவும் அம்மாவும் பூதப்பாண்டி பக்கம் ஊரில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 58 வயது. தினமும் வயலுக்கு நடந்து போய் வருபவர். “ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்கப்பா” என்றால், “எனக்கு என்ன மக்கா? ஒண்ணும் இல்ல” என்பார். ஆகவே ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். அவருடைய நாடித்துடிப்பு என் போனில் தெரியும். எப்போது பார்த்தாலும் 70, 72. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். “அண்ணாச்சி, கையை நீட்டுங்க” என்று பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். 172/104. 140/90ஐத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம். பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எடுத்தபோது, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. அது ஒரு நாளில் வருவதில்லை. பல வருடமாக இருந்திருக்க வேண்டும். அப்பாவுக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

வாட்ச் பொய் சொன்னதா? இல்லை. அது அளக்காத ஒன்றை அளப்பதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை ஒரு சென்சார் எண்ணுகிறது. இதயம் எத்தனை முறை துடித்தது என்பது இதில் தெரியும். எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராகத் துடித்தது என்பது தெரியாது. ஹீட் சிங்கில் தூசி அடைத்த கம்ப்யூட்டரில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி பிராசஸர் வெப்பத்தைச் சரியாகக் காட்டும் அல்லவா? அழுத்தம் கூடியவரின் இதயமும் அப்படித்தான் சமாளிக்கும், தசை தடித்துப் போகும்வரை.

வாட்ச்சே வீண் என்று நான் சொல்லவில்லை. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற ஒழுங்கற்ற துடிப்பு பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருந்து, ரத்தக்கட்டி உண்டாக்கிப் பக்கவாதத்தில் கொண்டு விடலாம். அதைப் பிடிப்பதில் வாட்சுக்குப் பயன் உண்டு. 2019ல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் 0.52 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை வந்தது. ஆனால் எச்சரிக்கை வந்தபின் ஈசிஜி பேட்ச் அணிந்து சோதித்தவர்களில் 34 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் கோளாறு பதிவானது.

சில வாட்சுகளில் ஈசிஜி வசதியும் உண்டு. ஆனால் மருத்துவமனை ஈசிஜி 12 கோணங்களில் இதயத்தைப் பார்க்கிறது. வாட்ச் ஒரே ஒரு கோணத்தில் பார்க்கிறது. வாசலில் மட்டும் கேமரா வைத்த வீட்டில் கொல்லைப்புறம் வந்தவனைப் பார்க்க முடியாது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அது உதவாது என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆப்பிள் 2025 செப்டம்பரில் உயர் ரத்த அழுத்த எச்சரிக்கை வசதியைக் கொண்டு வந்தது. 30 நாள் தகவலை ஆராய்ந்து சந்தேகம் இருந்தால் மட்டும் சொல்லும். எண் எதுவும் தராது. அந்த நிறுவனம் செய்த சோதனையிலேயே, அழுத்தம் உள்ள 100 பேரில் சுமார் 41 பேரைத்தான் அது பிடித்தது. மற்றவர்களின் வாட்ச் அமைதியாக இருந்திருக்கும். அந்த அமைதியைத்தான் நாம் ‘ஓகே’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

மாரடைப்பும் எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர் மக்களை 30 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1984ல் வெளியானது. மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல், வழக்கமான பரிசோதனையில் ஈசிஜி எடுத்தபோதுதான் தெரியவந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு பாதிப்பால் வலி தெரியாமல் போவதும் உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். பெற்றோருக்கு ஒரு கருவி வாங்க நினைத்தால், முதலில் மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் பிபி கருவி வாங்குங்கள். நான் வாங்கிய வாட்சின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாரம் எடுத்து எக்செல்லில் போட்டு, சராசரியோடு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85க்கு மேல் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். கருவி வாங்க முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் வாட்சில் ஈசிஜி எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐ அழையுங்கள்.

வீடு தேடிப் பரிசோதிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. எங்கள் வீட்டில் பிரச்சினையைக் கண்டுபிடித்ததும், ஆறு மாதம் கையில் கிடந்த வாட்ச் இல்லை. ஐந்து நிமிடம் வந்து போன அந்த அக்காவின் பட்டைதான். அப்பா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஊறுகாயும் கருவாடும் குறைந்துவிட்டன. வாட்சை மணி பார்க்கக் கட்டிக்கொள்கிறார்.