நானோ மருத்துவமும் நமது வட்ஸ்அப் வைத்தியமும்



"புற்றுநோய்க்கு நானோ மருந்து வந்துவிட்டது, இனி கீமோ தேவையில்லை" என்ற செய்தி நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. அதன் கீழேயே யாரோ ஒருவர் "நானோ" என்று லேபல் ஒட்டிய போத்தலுக்கு விலையும் போன் நம்பரும் போடுகிறார். ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நானோ மருத்துவம் பொய்யல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரையான துகள்களைத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். கீமோ மருந்தை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த 'டொக்சில்' 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மருந்தை வழமையாக ஏற்றுவதை விட இதில் இதயத்துக்குப் பாதிப்பு குறைவு.

இப்போது ஆய்வாளர்கள் இரு வேறு பொருட்களை ஒரே துகளாக்குகிறார்கள். இதுதான் கலப்பு நானோ பொருள். சிலிக்கா உருண்டைக்கு மேல் தங்கப் பூச்சு பூசி நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். துகள்கள் கட்டியில் சேர்ந்த பின் வைத்தியர் அங்கே லேசர் ஒளியைச் செலுத்த, தங்கம் சூடாகிக் கட்டியைச் சுடுகிறது. பூச்சு பூசிய இரும்பு ஒட்சைட்டுத் துகள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டியைக் காட்டவும் உதவும், காந்தப்புலத்தில் சூடாகி அதை அழிக்கவும் உதவும். நோயைக் காட்டுவதும் குணமாக்குவதும் ஒரே துகள். சுப்ஹானல்லாஹ்!

ஆனால் தங்கத் துகள் பற்றி 2019இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 16 பேர். அனைவரும் புரொஸ்டேட் புற்றுநோயாளிகள். இத்தகைய துகள்கள் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கக்கூடியவை. அதனால்தான் வருடக்கணக்காகச் சோதிக்கிறார்கள். வைத்தியசாலையில், வைத்தியரின் கண்காணிப்பில் ஏற்றுவது இது. வீட்டில் இரண்டு மூடி குடிப்பதல்ல.

போத்தலுக்குக் கொடுத்த காசு போனால் உழைத்துக்கொள்ளலாம். போன மாதங்கள் வராது. ஆரம்பத்தில் வெட்டி எடுக்கக்கூடிய கட்டி, அந்த மாதங்களில் பரவிவிடலாம்.

கீமோவுக்குப் பயப்படுகிறார்கள், மஹரகம போய்வரச் செலவு, பெண்களுக்கு வெட்கம். இவை உண்மையான கஷ்டங்கள். போத்தல் விற்பவர் அந்த இடைவெளியில்தான் நுழைகிறார். அதை அடைக்க வேண்டியது நாம். மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க இன, மத பேதமின்றி மக்கள் காசு சேர்த்த நாடு இது. நமது ஜமாஅத்தால் ஒரு நோயாளிக்கு வேன் கூலியும் துணைக்கு ஓர் ஆளும் கொடுக்க முடியாதா?

மார்பில் கட்டி தெரிந்தாலோ, வெற்றிலை போடுபவரின் வாயில் வெள்ளைப் படலமோ மூன்று வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலோ தாமதிக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள், இலவசம். 35 வயதான சகோதரிகள் எம்.ஓ.எச். காரியாலயத்தின் வெல் வுமன் கிளினிக்குக்குப் போங்கள். பெண் வைத்தியரைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்று நம்புகிறோம். அதை உரிய இடத்தில் தேடுவதும் நம் கடமை. நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

அந்தப் போத்தல் செய்தி வந்த குழுமத்திலேயே இதையும் பகிருங்கள்.