‘எலிகளிடம் பலன் தந்த மருந்து’: சரி, எந்த எலி?

“எலிகளிடம் சோதனை வெற்றி... விரைவில் புதிய மருந்து!” மொபைலில் இப்படி நோட்டிஃபிகேஷன் வராத மாதமே இல்லை. வீட்டில் நோயாளி இருந்தால் அது உடனே ஃபேமிலி குரூப்புக்கும் போய்விடுகிறது. ஆனா, அந்தச் செய்திகளில் பெரும்பாலும் ஒரு விவரம் இருக்காது: அது எந்த ரக எலி?

இது சின்ன விஷயம் இல்லை. ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும் ஒரு ரக எலி பரபரவென்று ஓடும், இன்னொன்று பெரிதாகக் கண்டுகொள்ளாது. காரணம், மரபணு.

லேப் எலி என்றால் என்ன?

வீட்டுச் சுண்டெலியின் சொந்தக்காரன்தான். உடன்பிறந்த எலிகளையே குறைந்தது 20 தலைமுறைகளுக்கு இணைசேர்த்து ஒரு ரகத்தை உருவாக்குகிறார்கள். அதனால் ஒரே ரக எலிகள் மரபணு அளவில் கிட்டத்தட்ட அச்சு அசல் நகல்கள். 100 எலிகளிடம் சோதித்தாலும், மரபணுக் கணக்கில் அது ஒரே ஆளை 100 முறை சோதித்த மாதிரிதான். உலக அளவில் அதிகம் பயன்படும் ‘சி57 பிளாக் 6’ என்ற கறுப்பு எலியின் வம்சம் 1921-ல் தொடங்கியது.

‘குடிக்கிற’ எலி, ‘குடிக்காத’ எலி

1959-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்லியர்ன், ரோஜர்ஸ் இருவரும் வெவ்வேறு ரக எலிகளுக்கு ஆல்கஹாலையும் தண்ணீரையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். சி57 ரகம் ஆல்கஹாலை விரும்பிக் குடித்தது. ‘டிபிஏ’ ரகம் ஒதுங்கிப் போனது.

அப்போ டிபிஏ எலிக்கு ஆல்கஹாலே ஆகாதா? அதுவும் இல்லை. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆல்கஹாலை ஊசியில் செலுத்தியபோது கதை மாறியது. ஊசி போட்டபோது இருந்த இடத்தையே டிபிஏ எலிகள் அதிகம் தேடிப் போயின. சி57 எலிகளிடம் அந்த ஈர்ப்பு குறைவு. அதாவது, வாய்க்குப் பிடிக்காதது வேறு, மூளைக்குப் பிடிப்பது வேறு.

ஒரே ஓர் எழுத்து

பிளாக் 6 எலிகளில் ஒரு கிளை 1951-ல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போனது. பார்வைக்கு இரண்டு கிளைகளும் ஒன்றுதான். ஆனா, பிரிந்து போன கிளைக்கு கோகைன் கொடுத்தால் துள்ளல் குறைவு. இதில் ‘சிஃபிப்2’ என்ற மரபணுவில் நடந்த ஓர் எழுத்து மாற்றத்துக்கு முக்கியப் பங்கு இருப்பதை 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. கிளையைக் கவனிக்காமல் “பிளாக் 6” என்று மட்டும் எழுதினால், முடிவே தடம் மாறலாம்.

மரபணு மட்டும்தானா?

இல்லை. 1999-ல் ஜான் கிராப் குழு போர்ட்லேண்ட், ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய 3 ஊர் லேப்களில் ஒரே ரகங்களை, ஒரே கருவிகளில், ஒரே நேரத்தில் சோதித்தது. ஆல்கஹால் விருப்பம் மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒத்துப்போனது. ஆனா, கோகைன் கொடுத்த பிறகான ஓட்டம் உள்ளிட்ட சில சோதனைகளில் முடிவு லேபுக்கு லேப் மாறியது. இத்தனைக்கும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்க மெனக்கெட்டிருந்தார்கள்!

நமக்கு என்ன?

மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் சுமார் 90% கடைசிவரை தேறுவதில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஒரே ரக எலியை நம்பி எடுக்கும் முடிவு அதில் ஒன்றாக இருக்கலாம். ஏன்னா, நோயாளிகள் யாரும் நகல்கள் இல்லை. அதனால்தான் 8 ரகங்களைக் கலந்து உருவாக்கிய, ஒன்றுக்கொன்று மரபணு மாறுபடும் எலிகளும் இப்போது ஆய்வுக்கு வருகின்றன. விலங்குச் சோதனைக்கு மாற்று முறைகளை இந்தியா 2023-ல் விதிகளில் சேர்த்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025 ஏப்ரலில், சில மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது.

இதற்காக எலி ஆய்வுகளே வீண் என்று அர்த்தமில்லை. போதை ஏன் சிலரை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு முக்கியமான துப்பு கொடுத்ததே இந்த ரக வித்தியாசங்கள்தான்.

அடுத்த முறை அந்த நோட்டிஃபிகேஷன் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று கேள்விகள்: எத்தனை ரக எலிகள்? எத்தனை லேப்கள்? மனிதர்களிடம் சோதித்தாச்சா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது நம்பிக்கை தரும் ஆரம்பம் மட்டுமே. அதை நம்பி, இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.