திறக்க மறுக்கும் வன்தட்டு

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்துவைத்திருக்கும் நம்மில் பலரிடம் ஒரு யூ.எஸ்.பி வன்தட்டு உண்டு. நேற்றுவரை விண்டோஸ் கணினியில் திறந்த அது, லினக்ஸில் செருகியதும் திறக்க மறுக்கிறது. உடனே கிடைக்கும் அறிவுரை: 'ஃபார்மட் செய்துவிடுங்கள்.' இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். பூட்டு இறுகிக்கொண்டது என்பதற்காக எவரும் நூலகத்தை எரிப்பதில்லை.

பெரும்பாலும் வன்தட்டு பழுதாகியிருப்பதில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'விரைவுத் தொடக்கம்' என்றொரு வசதி இருக்கிறது. அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கணினி, உண்மையில் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்நிலையிலோ, முறைப்படி விடுவிக்காமலோ வன்தட்டைப் பிடுங்கினால், 'எழுதும் பணி முடியவில்லை' என்ற குறி அதில் தங்கிவிடக்கூடும். 2021-இல் லினக்ஸ் கருநிரலின் 5.15 பதிப்பில் சேர்ந்த என்.டி.எஃப்.எஸ்3 இயக்கி, அக்குறியைக் கண்டால் எழுத இடம் தராது. படிக்க மட்டும் திறக்கச் சொன்னால் மறுப்பதில்லை! இதை நாம் குணம் என்போம், குறை என்னோம்.

குறை, பிழைச்செய்தியின் நடையில் இருக்கிறது. கோப்பு முறைமை தவறு, விருப்பம் தவறு, உதவி நிரல் இல்லை, அல்லது வேறு பிழை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இப்படி விடையெழுதும் மாணவருக்கு நாம் மதிப்பெண் இடுவதில்லை. உண்மைக் காரணம் கருநிரலின் பதிவேட்டில் இருக்கும்; முனையத்தில் 'டி.எம்.இ.எஸ்.ஜி' என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு இட்டால் அதன் கடைசி வரிகளில் காணலாம்.

அதற்கும் முன்னர் 'எல்.எஸ்.பி.எல்.கே' என்று இட்டுப் பாருங்கள். பட்டியலில் வன்தட்டே இல்லையெனில் கம்பியையோ மின்சாரத்தையோ ஐயுறுக. யூ.எஸ்.பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சில வன்தட்டுகளுக்கு அது போதாது.

பட்டியலில் இருந்தால், 'மௌண்ட்' கட்டளையோடு 'ஆர்.ஓ' என்ற விருப்பத்தைச் சேர்த்து, படிக்க மட்டும் திறந்து, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸில் செருகிப் பிழை சரிபார்த்து, முறையாக விடுவித்தால் குறி நீங்கும். விண்டோஸ் இல்லாதோர்க்கு 'என்.டி.எஃப்.எஸ் ஃபிக்ஸ்' என்ற நிரல் உண்டு. அது சில பிழைகளைத் திருத்திக் குறியை அழிக்குமே தவிர, முழுமையாகச் சோதிப்பதில்லை. ஆகவே அதனைப் படியெடுத்த பின்னரே தொடுக.