புதுமைக்குப் பகைவர் யார்?

தோட்டத்துக்குப் புதிய கருவியோ புதிய முறையோ வரும்போதெல்லாம், "பாட்டாளிக்குப் புதுமை பிடிக்காது, அப்பன் பிடித்த உளியைத்தான் மகனும் பிடிப்பான்" என்று பேசும் கூட்டம் ஒன்று உண்டு. துரைமார் காலத்திலும் இந்தப் பேச்சு இருந்தது, இன்றும் ஓயவில்லை. இது உண்மைதானா? தோழர்கள் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஒட்டுக்கன்றின் கதையை எடுத்துக்கொள்வோம். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கண்டெடுத்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மரங்கள், பழைய விதைமரங்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு பால் தந்தன. பெரிய கம்பெனிகள் முந்திக்கொண்டு நட்டன. ஐந்து ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரன் பின்தங்கினான். அவனைச் சோம்பேறி என்றார்கள், பழமைவாதி என்றார்கள்.

உண்மை என்ன? கிழட்டு மரத்தை வெட்டிப் புதுக்கன்று நட்டால், ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பால் இல்லை. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். ஒரு பகுதியை வெட்டினால் மறுபகுதி பால் கொடுக்கும். ஐந்து ஏக்கர்க்காரன் மரத்தை வெட்டுவது சோற்றுப் பானையை உடைப்பதற்குச் சமம். 1952-ல் மறுநடவு நிதி ஏற்பட்டது. உதவித்தொகை கைக்கு வரத் தொடங்கியதும், அந்தப் 'பழமைவாதி'களே இலட்சக்கணக்கான ஏக்கரில் கோடாரியைத் தூக்கினார்கள். தடை அவர்கள் மூளையில் இல்லை, வயிற்றில் இருந்தது!

சொந்த நிலம் ஒரு சாணும் இல்லாத நம் நிலை என்ன? 1970-ஆம் ஆண்டுகளில் எத்திஃபோன் என்னும் மருந்து வந்தது. அதைப் பட்டையில் தடவினால் பால் நெடுநேரம் வடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவிய மரத்தை, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை சீவினாலே போதும். மரத்துக்கு ஓய்வு, பட்டைக்கு ஆயுள், நல்லதுதான். ஆனால் ஒரே ஆள் முன்னிலும் அதிகமான மரங்களைப் பார்க்க முடியுமென்றால், மிச்சமாகும் ஆளின் குடும்பம் எங்கே போகும்? பின்னர் ரப்பர் காடுகள் செம்பனையாக மாறின. அதே பரப்புக்கு இன்னும் குறைந்த கைகளே போதுமாயின. லயங்கள் காலியாயின. கைத்தொழில் கற்காமல் பட்டணத்து ஓரங்களில் குடிசை போட்டவர்கள் நம் உறவினர்கள் அல்லவா?

இன்று செம்பனைக் குலை வெட்ட மோட்டார் அரிவாள் இருக்கிறது. கழுத்து நோக அண்ணாந்து வெட்டியவனுக்கு அது வரமே. ஆனால் பெட்ரோல் யார் செலவு? பழுதானால் யார் பொறுப்பு? இரட்டிப்பாக வெட்டிய குலைக்குக் கூலி இரட்டிப்பாகுமா, அல்லது விலைவிகிதம் குறைக்கப்படுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாமல் கருவியை மட்டும் நீட்டினால், தயங்குகிறவன் மூடன் அல்லன், கணக்குத் தெரிந்தவன்.

ஆகவே நாம் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. அது தோட்டத்துக்குள் நுழையும் முன்பே சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறோம். கருவியின் செலவு நிர்வாகத்தைச் சேர வேண்டும். கூடும் விளைச்சலில் பங்கு கூலியில் தெரிய வேண்டும். வேலை இழப்பவனுக்கு வேறு தொழில் கற்றுத் தர வேண்டும். இவற்றை எழுத்தில் தரட்டும். உளியை வைத்துவிட்டு மோட்டாரை எடுக்க நம் இளைஞர்கள் ஒரு நாளும் தாமதிக்க மாட்டார்கள்.

லாபம் ஒருவனுக்கு, நட்டம் மற்றவனுக்கு என்றிருக்கும்வரை, புதுமைக்குப் பகைவன் பாட்டாளி அல்லன். அந்தப் பங்கீடுதான் பகை. தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்!