மிளகாய்க்கு ஊர் எது?

வடலூர் சத்திய தருமச்சாலையில் ஓர் அடுப்பு எரிகிறது. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி வள்ளலார் இராமலிங்க அடிகள் தொடங்கிய தருமம் அது. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

அங்கே சாப்பிட வருகிறவரை, "நீ எந்த ஊர்? என்ன சாதி?" என்று யாரும் கேட்பதில்லை. பசிக்கிறதா? உட்கார். சாப்பிடு. அவ்வளவுதான்!

பக்கத்திலேயே நெய்வேலி. 1956-ல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. பல மாநில மக்கள் வேலைக்கு வந்தார்கள். ஜெர்மன் நிபுணர்களும் ரஷ்ய நிபுணர்களும் வந்தார்கள். அன்று வெளியார் இங்கே வந்தார்கள். இன்று இங்குள்ள பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள்.

பிள்ளை புறப்படுகிறது என்றதும் தாய்க்கு ஒரே கவலை. "அங்கே போய் என்னத்தைச் சாப்பிடும்?"

பெட்டியில் துணிக்கு இடம் இல்லை. ஊறுகாய், பருப்புப்பொடி, வற்றல், அப்பளம்! கொடுத்து அனுப்பட்டும், தவறில்லை. ஆனால், ஊறுகாய் எத்தனை நாளைக்கு வரும்?

உறைப்பு இல்லாத நாடு

ஸ்பெயின் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய், பூண்டு, மீன், உருளைக்கிழங்கு இவைதான் அங்கே முக்கியம். மிளகாய்த்தூளும் உண்டு. ஆனால் அதில் நிறம் இருக்கும். பெரும்பாலும் உறைப்பு இருக்காது. நம் பிள்ளையின் நாக்கு என்ன செய்யும்?

அதே நாட்டில் மெக்சிகோ சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மெக்சிகோ இருப்பது கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்தில். 1521 முதல் 1821 வரை, 300 ஆண்டு காலம் ஸ்பெயின் அதை ஆண்டது. இரு நாட்டிலும் பேசுவது ஒரே மொழி.

மொழி ஒன்று, சாப்பாடு வேறு! ஸ்பெயினில் "தொர்த்தியா" என்று கேட்டால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த கனமான அடை வரும். மெக்சிகோவில் அதே பெயரைச் சொன்னால் மக்காச்சோள ரொட்டி வரும்.

அந்த ரொட்டியை எப்படிச் செய்கிறார்கள்? மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். கல்லில் வைத்து அரைக்கிறார்கள். அந்தக் கல்லும் குழவியும் நம் அம்மியின் உடன்பிறப்புகள்! பிறகு வட்டமாகத் தட்டி, தோசைக்கல் போன்ற கல்லில் போட்டு எடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ள பீன்ஸ் மசியல். மிளகாயும் தக்காளியும் அரைத்த துவையல். ஒரு வாய் வைத்தால் கண்ணில் நீர் வரும்.

ஸ்பெயினில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு அது அந்நிய நாட்டில் இன்னோர் அந்நியச் சாப்பாடுதான். ஆனால், நம் வீட்டுச் சமையலுக்கு அது பக்கத்து வீடு!

யார் வீட்டுப் பொருள்?

இதில் அதிசயம் இல்லை. நம் சமையலறையில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

மிளகாய் மெக்சிகோவில் பயிரான செடி. தக்காளி, மக்காச்சோளம், சப்போட்டா ஆகியவையும் அப்படியே. போர்ச்சுகீசியர், ஸ்பெயின்காரர் கப்பல்களில் அவை உலகைச் சுற்றின. அதற்கு முன்பு நம் முன்னோருக்குக் காரம் தந்தது மிளகு. அதனால்தான் புதிய காய்க்கு "மிளகாய்" என்று பெயர் வைத்தார்கள். தக்காளியைச் "சீமைத் தக்காளி" என்றார்கள். சீமை உதிர்ந்துவிட்டது; தக்காளி தங்கிவிட்டது.

பரங்கிக்காயைப் பாருங்கள். பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்! அந்த வெளிநாட்டுக் காய் இல்லாமல் பல வீடுகளில் பொங்கல் பண்டிகையே இல்லை.

கடலூர்ப் பக்கத்தில் நிலக்கடலைக்கு "மணிலா" என்று பெயர். தென் அமெரிக்காவில் பிறந்த கடலை அது. மணிலாவோ பிலிப்பைன்ஸ் நாட்டின் நகரம். 1565 முதல் 1815 வரை அந்த நாட்டுக்கும் மெக்சிகோவுக்கும் ஸ்பெயின் கப்பல்கள் போய்வந்தன. நம் நாட்டு மாம்பழமும் மணிலா வழியாக மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மாம்பழ வகைக்குப் பெயர் என்ன தெரியுமா? "மணிலா"!

இங்கே கடலை மணிலா. அங்கே மாம்பழம் மணிலா. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். அது வந்த விருந்தாளி என்பது பாட்டிமாருக்குத் தெரியும். வள்ளலாரும் மிளகாயைச் சிறிதே சேர்க்கச் சொன்னார். மிளகையும் சீரகத்தையும் மிகுதியாகச் சேர்க்கச் சொன்னார். அளவைச் சொன்னாரே தவிர, அந்நியப் பொருள் என்று தள்ளவில்லை.

கேலி வேண்டாம்

பிறர் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைப் பிடிப்பவர்கள் நம்மிலும் உண்டு. "ரொட்டிக்காரன்" என்பார்கள். "கடுகெண்ணெய் நாற்றம்" என்பார்கள். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர் காதில் அது விழும். பள்ளியில் அவர் பிள்ளை சோற்றுப் பாத்திரத்தை மூடி மறைத்துக்கொண்டு சாப்பிடும்.

நம் பிள்ளை வெளிநாட்டில் ரசம் வைக்கும்போது பக்கத்து அறைக்காரன் மூக்கைப் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? இங்கே நாம் விதைப்பதுதான் அங்கே முளைக்கும்.

அதற்காகக் கொள்கையை விடவேண்டியதில்லை. சைவ உணவுக்காரர் எந்த நாட்டிலும் சைவமாக இருக்கலாம். மெக்சிகோ பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கேட்பது கூச்சம் அல்ல. வேண்டாம் என்பது அவமதிப்பும் அல்ல. இகழ்வதுதான் அவமதிப்பு.

தாய்மார்களே! பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய் வையுங்கள். கூடவே இரண்டு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: "கேட்டுச் சாப்பிடு. கேலி செய்யாதே."

ஊறுகாய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். இந்தச் சொல் தீராது!