தனிக்குடித்தனமும் தண்ணீரும்

கல்யாணமான கையோடு தனிக்குடித்தனம் போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் குமுறுவது தாம்பரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. இளையவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலையில் நான்கு பேர் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. மருமகளுக்கு பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள சிறுசேரியில் ஷிஃப்ட். தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து ஓ.எம்.ஆருக்குப் போக இன்றும் ரயில் இல்லை. வழியில் மேடவாக்கம் நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்பவர்கள் ஆபீஸ் பக்கமே வீடு பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆனால் ஒரு குடும்பம் இரண்டாகும்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், ஏ.சி. எல்லாமே இன்னொரு செட் வேண்டும். ஆட்கள் என்னவோ அதே நான்கு பேர்தான். மக்கள்தொகையைவிட வீடுகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகுவது இயற்கைக்குப் பெரும் சுமை என்று ஜியாங்குவோ லியூ குழுவினர் 2003-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை.

அந்தப் புது வீடுகள் எழும்பும் இடம்தான் நமக்குக் கவலை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். கட்டடங்களும் சாலைகளும் குப்பைமேடும் தின்றதுபோக இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்குதான். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் 2022-ல் கிடைத்த பிறகும் அதன் ஓரத்தில் அடுக்குமாடிகளுக்கான போட்டி ஓயவில்லை. அடையாற்றங்கரையிலும் இதே கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. மழையில் தண்ணீர் புகும் நகர்களிலேயே கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். கடன் வாங்கி வீடு வாங்கிய இளம் தம்பதிக்கு அந்த மனை ஏரிக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டியது அனுமதி கொடுத்த அரசு.

அப்பா கட்டிய வீட்டின் மாடியில் தனிச் சமையலறை, தனி வாசலோடு ஒரு போர்ஷன் எழுப்ப முடிந்தால், சம்ப்பும் மோட்டாரும் பொதுவாகவே இருக்கும்; பிள்ளைகளுக்கும் தனிமை கிடைக்கும். 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி, மாடி கட்ட வருபவர்களுக்கு வரைபட அனுமதியை விரைவாகவும் குறைந்த கட்டணத்திலும் தர வேண்டும். நீர்நிலையை ஒட்டிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதியே கூடாது. மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ மேடவாக்கம் வழியாக வரப்போகிறது. அது ஓடத் தொடங்கும் நாளிலேயே தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட, போக்குவரத்துத் துறை இப்போதே ஏற்பாடு செய்யட்டும்.