வெறும் வண்ணப்படமா?

பிறவி இதயக் குறையுள்ள குழந்தையின் ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறையைப் பற்றி ஓர் ஏளனம் உலவுகிறது: “சிவப்பும் நீலமுமாய்ப் படம் அழகாக வரும், கத்தி பிடிப்பவருக்கு அதனால் என்ன பயன்?” இதற்குத் துணையாக மூன்று வாதங்கள் வைக்கப்படுகின்றன. மூன்றையும் ஃபோன்டான் அறுவை சிகிச்சையை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

முதல் வாதம், அனுபவமே போதும் என்பது.

இதயத்தின் கீழறைகளில் ஒன்று மட்டுமே உருப்படியாக இயங்கும் குழந்தைகளுக்காக, பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1971இல் வெளியிட்ட முறைதான் ஃபோன்டான் அறுவை சிகிச்சை. உடலிலிருந்து திரும்பும் ரத்தம், கீழறையின் உந்துதல் இல்லாமலே நுரையீரலுக்குப் போகும். வலது மேலறை துடித்துத் தள்ளிவிடும் என்று அன்று நம்பினார்கள். 1988இல் லண்டனில் மார்க் டி லவால் குழுவினர் நடத்திய ஆய்வகச் சோதனைகள், அந்தத் துடிப்பு ஆற்றலை வீணடிக்கவே செய்கிறது என்று காட்டின. நம்பிக்கை தோற்றது, ஓட்டவியல் வென்றது. அதே குழு மிலான் பொறியாளர்களோடு சேர்ந்து, 1996இல், உடலின் சிரைகளை நுரையீரல் தமனியோடு சேர்க்கும் இணைப்பின் வடிவங்களைக் கணினியில் ஒப்பிட்டது. மேலிருந்தும் கீழிருந்தும் வரும் ஓட்டங்கள் மோதுவதால் ஏற்படும் விரயத்தை, இணைப்பின் வடிவத்தை மாற்றிக் குறைக்கலாம் என்று தெரிந்தது. பம்பு இல்லாத சுற்றில் சிறு விரயமும் பெரிய இழப்புதான்.

உயிருள்ள உடல் கணக்குக்குள் அடங்காது என்பது இரண்டாவது வாதம். பாதி உண்மை. பல மாதிரிகள் நாளச்சுவரை விறைப்பானதாகவே கொள்கின்றன. மூச்சின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிடுகின்றன. ஆனால் கேள்வியும் அதற்கேற்ற அளவானதுதான்: இந்தக் குழந்தைக்கு இரு இணைப்புகளில் எது மேல்? நாளங்களின் வடிவத்தையும் ஓட்டத்தின் அளவையும் அதே குழந்தையின் எம்.ஆர்.ஐ. தருகிறது. ஈரலிலிருந்து வரும் ரத்தம் இரு நுரையீரலுக்கும் போய்ச் சேர வேண்டும். கிடைக்காத பக்கத்தில் தமனியும் சிரையும் நேரடியாகப் பிணைந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக்கூடும். அந்த ரத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை அறுவை மேசையில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம், ஈரல் ரத்தத்தை இரு நுரையீரலுக்கும் பிரித்தனுப்பும் ஒய் வடிவக் குழாய் சொன்னபடி பலிக்கவில்லை என்பது. அலிசன் மார்ஸ்டன் குழுவினர் 2009இல் கணினியில் ஆராய்ந்து முன்வைத்த அந்த வடிவம், பிறகு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. சிலருக்கு ஈரல் ரத்தம் சமமாகப் பிரியவில்லை என்பது உண்மை. அதை அளந்து காட்டியதும் இதே கணக்கீடுதான். எல்லோருக்கும் ஒரே வடிவம் என்ற எண்ணம்தான் அடிபட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பது இன்னும் வலுவாகத் தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணினித் திட்டமிடலால் குழந்தைகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதைப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இன்னும் நிறுவவில்லை. அத்தகைய ஆய்வு இத்துறையில் முடியாததும் அல்ல. ஒற்றைக் கீழறைக் குழந்தைகளுக்கான நார்வுட் அறுவை சிகிச்சையில் இரு வகை இணைக்குழாய்களை 549 பச்சிளங்குழந்தைகளிடம் ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. கணினி மாதிரிகளை ஏளனம் செய்வோர் இனிக் கேட்க வேண்டியது அப்படியோர் ஆய்வைத்தான்.